வானூர்த் திசை

நேற்று மாலை எங்கள் தெருக்கோடியில் கல்யாணப் பந்தல் ஒன்றைப் பிரித்தார்கள். மிஞ்சிய பனையோலையைக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து கறுத்த பழைய ஓலை. அது எரியும் வாடை வைக்கோல் எரிவது போல இருக்காது. மயிர் பொசுங்குவது போல ஒரு காரம் அதில் உண்டு. வாசலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். “இன்னா மாமா, புகை ஒத்துக்கலையா?” என்று மருமகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீ போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. உன் காரியத்துக்கு வந்தவர்கள் உன்னைப் பொறுமைசாலி என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ பொறுமைசாலி ஆனது தலை நரைத்த பிறகு. நான் முதலில் அறிந்த நீ, பேச்சு முடிவதற்குள் கையை நீட்டுகிறவன். செய்தி எழுதியே காலத்தைக் கழித்தவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்லாமல் உன்னை வழியனுப்ப எனக்குத் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு கல்லூரியில் ஒரு வருஷம் படிக்கிற பி.யு.சி. வந்த புதிது. விழுப்புரத்திலிருந்து நானும், திண்டிவனத்துக்குக் கிழக்கே பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற உன் ஊரிலிருந்து நீயும் ஒரே கல்லூரியில் சேர்ந்தோம். விடுதியிலும் ஒரே அறை. என் அப்பா ரயில்வே லோகோ ஷெட்டில் பிட்டர். உன் அப்பா மணியக்காரர் வீட்டுப் படியாள். வருஷத்துக்கு இத்தனை மரக்கால் கேப்பை என்று பேசி, விடிந்தது முதல் அடைந்தது வரை ஒரே வீட்டுக்கு உழைக்கிறவர். உன் சேரியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நீ.

முதல் வாரம் ஆங்கில வகுப்பில் பேராசிரியர் உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நீ எழுந்தாய். கையைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, தரையைப் பார்த்து நின்றாய். அவர் உட்காரச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது உனக்கு எட்டவில்லை; எட்டியிருந்தாலும் அப்படிப்பட்ட ஒருவர் முன் உட்கார உன் முழங்கால் மடங்கியிருக்காது. மூன்றாம் முறை அவர் கத்தினார். நீ இன்னும் குனிந்தாய். வகுப்பே சிரித்தது.

அன்று மாலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் எழுந்து நின்று, உன்னைப் போலவே கையைக் கட்டி, முதுகை வளைத்துக் காட்டினான். நீ பித்தளைத் தம்ளரை எடுத்து வீசினாய். அது பட்டு அவன் புருவம் எலும்பு தெரியப் பிளந்தது. ரத்தம் அவன் தட்டில் சொட்டியது. நீ அதோடு நிற்கவில்லை. மேசையைத் தாண்டிப் போய் அவன் கழுத்தைப் பிடித்தாய். நான்கு பேர் சேர்ந்துதான் உன் விரல்களைப் பிரித்தோம். விடுதியிலிருந்து உன்னை நீக்கினார்கள். வெளியே எங்கெங்கோ தங்கிப் படித்துப் பரீட்சை எழுதினாய். ஆங்கிலத்தில் தவறினாய். மற்ற எல்லாவற்றிலும் என்னைவிட உனக்கு மதிப்பெண் அதிகம்.

முடிவு தெரிந்த அன்று விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டுத் திண்டிவனம் பாசஞ்சரில் ஏறினாய். வழியனுப்ப வந்தவன் நானும் கூட ஏறிக்கொண்டேன். கதவருகே நின்று, கரித்தூள் முகத்தில் அடிக்க அடிக்கச் சொன்னாய்: “பாடம் தெரியாம நான் தோக்கலடா. உக்காரத் தெரியாம தோத்தேன். காலேஜி கத்துக் குடுக்கிற எடம் இல்ல. மின்னாடியே தெரிஞ்சிக்கினு வந்தவனுக்கு மார்க் போடற எடம். எஸ்.எஸ்.எல்.சி.க்கு அப்புறம் ஆரம்பிச்சா ஒண்ணும் ஆவாது. எட்டாவதுலயே ஆரம்பிக்கணும்.”

அப்படித்தான் ஆரம்பித்தாய். சேரி மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் பனையோலைக் கொட்டகை ஒன்று போட்டாய். போர்டு பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்த ஐந்து பிள்ளைகள் மாலையில் அங்கே வந்தார்கள். ரயில்வேயில் கழித்துப் போட்ட மர பெஞ்சு ஒன்றை ஏலத்தில் எடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே போட்டாய். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகள் பின்னால் தரையில் உட்கார்ந்தவர்கள். பெஞ்சைப் பார்த்ததும் சுற்றி நின்றார்களே தவிர ஒருவரும் உட்காரவில்லை. “கடிக்காது, உக்காருங்க” என்று கத்தினாய். பூங்காவனம் என்ற பெண்தான் முதலில் விளிம்பில் தொற்றி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டாமல் அவள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கொட்டகைக்கு வந்து புரபசர் வேஷம் போடுவேன். கடன் வாங்கிய கோட்டு. ஆங்கிலப் பத்திரிகையை நான் வேகமாக வாசிக்க, காதில் விழுந்த சொற்களைப் பிள்ளைகள் எழுதவேண்டும். நீ குறுக்கே பாய்வாய்.

“புரபசர் மாதிரி கோவமா படிடா பேப்பர்காரா. கல்யாணத்துல மொய் படிக்கிறவன் மாதிரி இழுக்கிற.”

“இவ்வளவு ஜல்தியாப் படிச்சா பிள்ளைங்களுக்கு எப்படிப் புரியும்?”

“புரியக் கூடாது. புரியலன்னாலும் பயப்படாம உக்காந்துக்கினு இருக்கத் தெரியணும். அதான் பாடம்.”

அந்தப் பாடத்துக்கு நீ ஒரு விதி வைத்திருந்தாய். வகுப்பு நடக்கும்போது யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. அப்பன் வந்தாலும், சாமியே வந்தாலும், நீ சொல்லும்வரை உட்கார்ந்தே இருக்கவேண்டும். அதைச் சோதிக்க, திடீரென்று பின்னாலிருந்து தடியைத் தட்டிக் கத்துவாய். துள்ளி எழுந்தவனுக்கு முதுகில் ஒன்று விழும். பிள்ளைகளை அடிக்காதே என்று நான் சொன்னபோது, “இந்த அடிக்கு நான் மருந்து வச்சிருக்கேன். அங்க வாங்கிற அடிக்கு மருந்து இல்ல” என்றாய். அதை இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மாசி மாதத்துக்குள் அந்த ஐந்து பேரும் இடி விழுந்தாலும் அசையாமல் உட்காரக் கற்றுவிட்டார்கள்.

அந்த மாசியில்தான் மணியக்காரரின் மகன் அந்தப் பக்கம் வந்தான். ஊரில் அவனைச் சின்ன மணியம் என்பார்கள். வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் தேடி வந்தவன். கொட்டகை வாசலில் நின்று, “ஏழுமலை மவன் இருக்கானா?” என்றான். ஏழுமலை சேரியின் வெட்டியான். சுடுகாட்டு வேலையும், ஊரில் சாவு விழுந்தால் உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்லும் வேலையும் அவர் வீட்டுடையது. அவர் மகன் கன்னியப்பன் உன் பிள்ளைகளில் கெட்டிக்காரன். அவன் உட்கார்ந்தபடியே, “இருக்கேன்” என்றான். ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சின்ன மணியத்தைப் பார்த்தார்கள். நீ அப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தாய். எழுந்திருங்கள் என்று சொல்ல உனக்கு நேரம் இருந்தது என்றும், நீ சொல்லவில்லை என்றும் பின்னால் என்னிடம் சொன்னாய்.

சின்ன மணியம் பெஞ்சை எட்டி உதைத்தான். அது மல்லாந்தது. பூங்காவனத்தின் முகம் தரையில் மோதி முன்பல் உடைந்தது. நீ அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாய். “பல்லுக்குப் பல்லு குடுத்துட்டுப் போடா” என்றாயாம். அவன் போய்விட்டான். பொழுது சாய்வதற்குள் புளியந்தடிகளோடு ஆட்கள் வந்தார்கள். உன்னைக் கொட்டகைக் காலில் சாய்த்து வைத்து அடித்தார்கள். இடது கையை பெஞ்சின் மேல் விரித்து வைத்துத் தடியின் முனையால் இடித்ததில் இரண்டு விரல்கள் நசுங்கின. அதே பெஞ்சைக் கோடாலியால் பிளந்து, விறகாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு நான் வந்தபோது பனந்தடி ஒன்றை நெடுக்கப் பிளந்து, கல்மேல் போட்டு, பிள்ளைகளை அதில் உட்காரவைத்திருந்தாய். உன் கையில் துணிக்கட்டு. “இது கீழ வுழுந்தா உதைச்சவன் கால்தான் ஒடியும்” என்றாய்.

எட்டாவது அரசாங்கப் பரீட்சை பங்குனியில் வந்தது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதவேண்டும். அதில் தேறினால்தான் திண்டிவனத்தில் உயர்நிலைப் பள்ளி, அதற்கப்புறம்தான் கல்லூரி. தவறினால் மாடு மேய்க்கப் போகவேண்டியதுதான். பெற்றவர்களை எதிர்த்துப் பேச அப்புறம் உனக்கு வாய் இருக்காது. பிள்ளைகளை முதல் பஸ்ஸில் அழைத்துப்போக நான் முந்தின நாளே உன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விடியும்போது ஊர்ப்பக்கம் பறை கேட்டது. பெரிய மணியக்காரர் செத்துப்போனார்.

ஏழுமலை தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிதை அடுக்க அவர் போயாகவேண்டும். சேதி சொல்ல நான்கைந்து ஊர்களுக்கு ஆள் போகவேண்டும். உங்கள் சேரியில் அதற்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திசை. செத்தவரின் ஒரே மகள் வாழ்க்கைப்பட்ட வானூர், ஏழுமலை வீட்டுத் திசை. அந்த வழியில் அந்த வீட்டு ஆள் மட்டும்தான் சாவுச் சேதி கொண்டுபோகலாம்.

“கன்னியப்பா, கம்பை எடு” என்றார் ஏழுமலை. “வெயில் ஏர்றதுக்குள்ள வானூர் போய்ச் சேரு.”

கன்னியப்பன் அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பேனாவுக்கு மை ஊற்றி, கையெல்லாம் மை.

“அண்ணே, இன்னைக்குப் பரீட்ச” என்றாய் நீ.

“பரீட்ச எங்க ஓடிடப் போவுது? பொணம் காத்துக்கினு இருக்காது.”

“இன்னைக்கு உக்காரலன்னா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வரைக்கும் சின்ன மணியம் இவனைச் சும்மா வுடுவானா? மாடு மேய்க்கப் போட்டுடுவான்.”

வேறு யாரையாவது அனுப்பலாமே என்று நான் கேட்டேன். ஏழுமலையின் மனைவி அஞ்சலை என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வேற வூட்டுக்காரன் ஒரு தபா போனா திசை அவன் வூட்டுக்குப் பூடும் சார். அறுப்புக்கு வர்ற கூலியும் பூடும். ஒருத்தனும் போவ மாட்டான். போனா நாங்க வுட மாட்டோம்.”

“நான் போறேன்” என்றாய். “சைக்கிள் இருக்குது. உங்க திசையை நான் தின்னுட மாட்டேன். ஏழுமலை அனுப்பிச்சாருன்னே சொல்றேன்.”

ஏழுமலை மகனின் மை படிந்த கையைப் பார்த்தார். பிறகு உன்னிடம் மெதுவாகச் சொன்னார்: “செருப்பைத் தெருமொனையிலயே வுட்டுடு. சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்க. வாசல் பக்கம் போவாத, தோட்டத்துப் பக்கமா நின்னு கூப்புடு. பெரியவரு கண்ணை மூடிட்டாரு சாமின்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத.”

“தெரியும்ணே, தெரியும்.”

“இன்னாத்தத் தெரியும் இவருக்கு? தொர மாதிரி போய் நிப்பாரு” என்றார் அஞ்சலை. பதற்றத்திலும் எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். ஏழுமலை மகனின் தோளைத் தள்ளினார். “போ. மணியக்காரர் வூட்டு ஆளுங்க வர்றதுக்குள்ள போயிடு.”

நீ கிளியனூர் வழியாக சைக்கிளை மிதித்தாய். நான் பிள்ளைகளோடு பஸ் ஏறினேன்.

வானூரில் நடந்ததை நீ எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. தாடை கூடிப் பேச முடிந்த பிறகு. அந்த வீட்டுத் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினாய். செருப்பைக் கழற்றினாய். சட்டைப் பொத்தானில் கை வைத்தாய். அங்கே நின்றுவிட்டது கை. “காலேஜிக்குப் போட்டுக்கினு போன சட்டைடா அது. கழட்ட வரல” என்றாய். சட்டையோடு, செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி நேர்வாசலுக்குப் போனாய். அந்தப் பெண் வெளியே வந்தாள். “அம்மா, உங்க அப்பா இறந்துட்டார். ஏழுமலை அனுப்பினார்” என்றாய்.

அவள் அழவில்லை. உன்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க வூட்டுச் சாவு ஏழுமலை வூட்லேர்ந்துதான் வரும். நீ யாரு? சட்டை போட்டுக்கினு சாவு சொல்ல எவன் வருவான்?” என்றாள். உள்ளேயிருந்து வந்த அவள் கணவனுக்கு உன்னைத் தெரிந்திருந்தது. “பெஞ்சு போட்டு உக்கார வச்சானே, அவன்தான் இவன். எங்க மச்சான் கையை முறுக்கினவன். உயிரோட இருக்கிற மாமனுக்குச் சாவு சொல்லிக் கறுவம் தீத்துக்க வந்திருக்கான்” என்றான்.

நிஜம் என்று நீ கத்தினாய். அவன் முதல் அடியிலேயே உன் தாடையை உடைத்தான். உலக்கை. அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் சொல்லாக வெளியே வரவில்லை. வாயில் ரத்தத்தோடு நீ செத்தார் செத்தார் என்று சொல்ல, அவர்கள் அதைச் சாபம் என்று நினைத்து இன்னும் அடித்தார்கள். வண்டிச் சக்கரத்தில் கையையும் காலையும் விரித்துக் கட்டி, வெயிலில் விட்டார்கள். சைக்கிளைக் கிணற்றில் தள்ளினார்கள். யாரும் உன் ஊருக்குப் புறப்படவில்லை.

அதே நேரத்தில் நான் திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்ப மரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் பக்கத்தில் வந்து நின்றபோது தான் எழுந்திருக்கவே இல்லை என்று கன்னியப்பன் பெருமையாகச் சொன்னான். “பேனா உன்னைவிட ஜாஸ்தி நடுங்கிச்சு, நான் பாத்தேன்” என்றாள் பூங்காவனம். உடைந்த பல்லோடு அவள் சிரித்தாள். எல்லோருக்கும் மல்லாட்டை வாங்கிக் கொடுத்தேன்.

ஊர்ப் பாதையில் பஸ் திரும்பியபோது புகை தெரிந்தது. முதலில் சிதைப்புகை என்று நினைத்தோம். சிதைக்கு அவ்வளவு புகை வராது. பனையோலை வாடை பஸ்ஸுக்குள் வந்ததும் கன்னியப்பன் எழுந்து, ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தான்.

அன்று பகலில் நடந்ததைப் பிறகு பலரிடம் கேட்டு, ஒன்றோடொன்று ஒட்டவைத்து அறிந்தேன். மகள் வந்து வாய்க்கரிசி போடாமல் தூக்கக் கூடாது என்று பிணத்தை வைத்துக் காத்திருந்தார்கள். பங்குனி வெயில். பிணம் ஊதியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. மற்றத் திசைகளிலிருந்தெல்லாம் உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வானூரிலிருந்து மட்டும் வண்டி வரவில்லை. கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிப் போனார்கள். கொள்ளி வைத்த கையோடு சின்ன மணியம் ஏழுமலையிடம், “வானூருக்கு எவன் போனான்?” என்று கேட்டான். “பையன் போயிருக்கான் சாமி” என்றார் ஏழுமலை. பையன் காலையில் பேனாவோடு பஸ் ஏறினான் என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான்.

சிதையைப் புரட்டக் கையில் வைத்திருந்த நீளக் கழியைப் பிடுங்கி, அதாலேயே ஏழுமலையை அடித்தார்கள். முதலில் காலில். விழுந்த பிறகு முதுகில். கழி முறிந்ததும் பாடையிலிருந்த மூங்கிலை உருவிக்கொண்டார்கள். அவர் தவழ்ந்து சிதையின் மறுபக்கம் போகப் பார்த்தார். ஒருவன் அவர் வலது கையை மிதித்துத் தணலோரம் வைத்து அழுத்தினான். சதை எரிந்த வாடையில் கூட்டத்தில் சிலர் வாந்தி எடுத்தார்கள். தடுத்தவர் ஒருவர்கூட இல்லை. பிறகு மண்ணெண்ணெய் டின்களோடு சேரிக்குப் போனார்கள். முதலில் உன் கொட்டகை. அதிலிருந்து காற்று மற்றக் கூரைகளுக்குத் தீயை எடுத்துக்கொண்டு போனது. அஞ்சலை ஆட்டை அவிழ்க்க உள்ளே போய், கூந்தல் பற்றி எரிய வெளியே வந்தார்.

நான் போனபோது கன்னியப்பன் சுடுகாட்டில் அப்பன் தலையை மடியில் வைத்திருந்தான். பெரிய மணியக்காரரின் சிதை பாதியில் கிடந்தது. புரட்ட ஆள் இல்லை. ஏழுமலைக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்றார். மகனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “எழுதினியா?”

அன்று மாலை மாட்டுவண்டியில் அவரைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மற்றப் பிள்ளைகளை எனக்குத் தெரிந்த ஒரு பஸ் கண்டக்டர் வீட்டில் விட்டேன். மறுநாள் விடியலில் சவுக்குக்கட்டை ஏற்றிவந்த ஒரு வண்டிக்காரர் உன்னைக் கொண்டுவந்து அதே ஆஸ்பத்திரியில் இறக்கினார். மணியக்காரர் வீட்டிலிருந்து வேறு ஆள் வானூர் போய்ச் சேர்ந்த பிறகுதான், நீ சொன்னது நிஜம் என்று தெரிந்து உன் கட்டை அவிழ்த்துத் தெருவில் தள்ளியிருக்கிறார்கள். அந்த மகள் ஊர் வந்தபோது சாம்பல்தான் இருந்தது. அவள் மண்ணில் புரண்டு அழுதாள் என்று கேள்விப்பட்டேன். அந்த அழுகையும் உன் கணக்கில்தான் சேரும் என்று பின்னால் நீயே சொல்லியிருக்கிறாய்.

என் பத்திரிகையில் நான் எழுதி அனுப்பியது நான்கு வரியாக வந்தது. ‘இரு கோஷ்டி மோதல், சில குடிசைகள் சேதம்.’ வழக்கு நடந்தது. முதல் எதிரியாக உன் பெயரைப் போட்டார்கள். பொய்ச்சாவு சொல்லிக் கலகம் மூட்டினாய் என்று. வருஷக்கணக்கில் இழுத்து, சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கி, யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. ஏழுமலை பிறகு பல வருஷம் கட்டிலிலேயே கிடந்து செத்துப்போனார். ஐந்து பேரில் இரண்டு பேர் கல்லூரிக்குப் போனார்கள். பூங்காவனம் பி.யு.சி. முடித்து நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கன்னியப்பன் பி.ஏ. வரை போய் மின்சார இலாகாவில் சேர்ந்தான். உன்னைப் பற்றி அவன் தவறாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. உன் வீட்டுக்கு அவன் வந்தும் பார்த்ததில்லை. உன் காரியத்துக்கு வந்திருந்தான். கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரோடும் பேசாமல் போய்விட்டான்.

இதெல்லாம் பின்னால். அந்த இரண்டாம் நாள் காலை எதுவும் முடிவாகியிருக்கவில்லை. அன்று கணக்குப் பரீட்சை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உன்னையும் ஏழுமலையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். உன் தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். உச்சியில் ஒரு முடிச்சு. ஒரு கண் மூடிவிட்டது. கன்னியப்பன் அப்பன் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் சாம்பலும் அப்பனின் ரத்தமும். மற்ற நான்கு பேரையும் கண்டக்டர் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய்விட்டார். இவனிடம் பரீட்சையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவன் எழுந்து உன் கட்டிலருகே வந்தான். கையைக் கட்டவில்லை, குனியவும் இல்லை. நேராக உன் திறந்த கண்ணைப் பார்த்துக் கேட்டான்:

“அண்ணே, வானூருக்கு நேத்து நான் போயிருந்தா எங்கப்பன் நடந்துக்கினு இருப்பாருல்ல?”

நான் முந்திக்கொண்டேன். யாரும் சொல்லக்கூடியதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். “அப்படி இல்லடா கன்னியப்பா, அவங்களுக்கு ஒரு சாக்கு வேணும், இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு...”

நீ நசுங்கிய இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினாய். பிறகு அவனைப் பார்த்துத் தலையை அசைத்தாய். ஆமாம் என்று. தாடை உடைந்தவனுக்கு அந்த ஓர் அசைவு என்ன வலி தந்திருக்கும் என்பது உன் கண்ணில் தெரிந்தது. அவன் பார்க்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறையும் அசைத்தாய். பிறகு உன் மார்பை விரலால் தொட்டுக் காட்டினாய். சட்டை கிழிந்து தொங்கிய இடம். அது உன்னால் என்று சொன்னாயா, சட்டையால் என்று சொன்னாயா, அன்று எனக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை கண் திறந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கன்னியப்பன் அடித்துவிடுவான் போல நின்றான். கை முஷ்டியாக இறுகி இருந்தது. அடித்திருந்தால் நீ தடுத்திருக்க மாட்டாய், நானும் தடுத்திருக்க மாட்டேன். கட்டில் சட்டத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டான். இரும்பு அதிர்ந்து உன் உடம்பு குலுங்கியது. தாழ்வாரத்தை விட்டு இறங்கி, குழாயடியில் முகத்தைக் கழுவினான். சட்டையைக் கழற்றி ரத்தம் பட்ட இடத்தை மட்டும் கசக்கி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். உன்னைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டான்:

“கணக்கு எத்தினி மணிக்கு சார்?”

நாங்கள் ஓடினோம். மணி அடித்து முடிப்பதற்குள் உள்ளே போனான்.

அன்றைக்கு நீ இல்லை என்று தலையாட்டியிருந்தால் அவன் எழுதப் போயிருப்பானா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது இதுதான்: அவன் ஒரு விலையைப் பற்றிக் கேட்டான், நீ குறைத்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் தொழிலில் எத்தனையோ எரிந்த தெருக்களுக்கும், கவிழ்ந்த பஸ்களுக்கும், ஆஸ்பத்திரி வாசல்களுக்கும் போயிருக்கிறேன். விஷயம் சேகரிக்கப் போகிறவனிடம் அங்கே இருப்பவர்களும் ஒன்று கேட்பார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அந்த வழியில் அனுப்பாமல் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருக்குமா? தெரியாதபோது தெரியாது என்று சொல்வேன். தெரிந்த சில சமயங்களில், ஆறுதல் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிடும். அப்போதெல்லாம் உன் தலைக்கு மேல் இருந்த அந்தத் துணி முடிச்சு அசைவதைப் பார்க்கிறேன். ஆமாம்மா, இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்ள அங்கேயே நிற்கிறேன்.